அடித்தல் இல்லாத கடுதாசி

மாலேயிலிருந்து வரும் கடுதாசிகளுக்கு மாசிக் கருவாட்டின் மணம் இருக்கும். அவை தபாலில் வருவதில்லை. மாலத்தீவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் தோணியில் யாராவது ஒருவர் தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, பழைய துறைமுகத்தில் இறங்கி, எங்கள் தெருவுக்கு நடந்தே வந்து கையில் கொடுப்பார். வழியெல்லாம் மாசி மூட்டைகளோடும் டீசலோடும் கிடந்த தாள், பிரிப்பதற்கு முன்பே வாசலில் மணக்கும். நானும் தம்பி சூசையும் ஆளுக்கொரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்போம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவளும் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, படி என்று என்னிடமே திருப்பித் தருவாள்.

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் எழுத்துப் பயிற்சி முகாம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு புத்தகம் போட்டுவிட்டால் இப்படியெல்லாம் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் பேசியவர், விதிகளைத் தூக்கிப் போடுங்கள், மனம் போன போக்கில் விடுங்கள், எழுத்து தானாக வந்து கொட்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். நான் எழுந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "மேடம், ஒங்களுக்கு அப்படி மொதமொத வந்து கொட்டுனது எப்ப?" என்று கேட்டாள். அழகான கேள்வி, நல்ல பிள்ளை. நான் மழை, கடல் என்று ஏதோ உளறிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். மகிழ்ச்சியான விஷயம் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்பா தோணிக்காரர். வெங்காயமும் கூரை ஓடும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் பாய் கட்டும் ஆள். புரட்டாசியில் கடல் அடங்கியதும் கிளம்பினால், போவதும் வருவதுமாகச் சித்திரை வரைக்கும் கடல்தான். நடுவில் கரையில் பத்து நாள் தங்கினால் அதிகம். எழுத்துக் கூட்டிப் படிப்பார், முக்கி முக்கி நாலு வரி எழுதுவார். எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து அவருக்குக் கடுதாசி எழுதுவது என் வேலையாயிற்று. அதற்கு எங்கள் தெருவில் ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைத்த முறை அல்ல, ஆனால் எல்லா வீட்டிலும் அதேதான். முதல் வரியில் மாதாவுக்குத் தோத்திரம். அடுத்த வரியில் வீட்டிலுள்ளவர்களின் பெயரை வயது வரிசையில் சொல்லி அனைவரும் நலம் என்று முடிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தமாகிவிடும். எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. அடித்தலுக்கு அடியில் என்ன சேதி இருந்ததோ என்று கடலில் கிடப்பவர் நினைத்து நினைத்து மருகுவாராம், ஆகவே தப்பு வந்தால் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட சேதி எதையும் எழுதக் கூடாது.

"கடல்ல கெடக்க ஆளுக்கு அதச் சொல்லி என்ன ஆவப்போவுது? கை தளந்துரும்ளா. பாய்மரத்துல நிக்கையில கை தளந்தா ஆளே போயிரும். கரைக்கு வரட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், பெறவு சொல்லிக்கிடலாம்" என்பாள் அம்மா. ஆடு செத்தாலும் ஆத்தா செத்தாலும் இதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுப் பிலோமி மாமியின் கணவர் தொம்மை மாமா வேறொரு தோணியில் இருந்தார். அவருடைய தாயார் இறந்து நாற்பது நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரியும். வந்து இறங்கி, சோறு தின்று, கை கழுவிய பிறகு சொன்னார்கள். இதைப் பற்றி அவர் யாரையும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. அவரும் மற்றவர்களுக்கு அப்படித்தானே செய்திருப்பார்.

ஆக, என் கடுதாசிகள் எல்லாம் நாலு வரியில் முடிந்துவிடும். தாளில் முக்கால் பங்கு வெறுமையாகக் கிடக்கும். அதை நாலாக மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மாலேக்குப் போகிறவர் யாரோ அவரிடம் கொடுத்துவிடுவோம். அப்பாவிடமிருந்தும் அதே நாலு வரி திரும்பி வரும்.

சூசைக்கு அப்போது ஐந்தரை வயது. மெலிந்த பிள்ளை, என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டேதான் தெருவில் நடப்பான். பஸ் ஆரன் அடித்தால் பயம், கோயில் கொட்டுக்குப் பயம், நண்டைக் கண்டால் அலறிவிடுவான். கடற்கரையில் பிறந்துவிட்டு நண்டுக்குப் பயப்படுகிற பயல் உண்டா என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். சோற்றை உருண்டை உருண்டையாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தின்பான். அவனைப் பற்றி எனக்கு இன்று உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். அது ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவின் தோணி மாலேயில் சுக்கான் உடைந்து கிடந்தது. புதுச் சுக்கான் போட்டுக் கிளம்ப மாசங்கள் ஆகும், ஆட்கள் தோணியை விட்டு வர முடியாது என்று தொம்மை மாமா வந்து சொன்னார். அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளங்களெல்லாம் ஒரே வெள்ளக்காடு, தெருவில் முழங்கால் தண்ணீர். சூசைக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் ஊசி, மூன்றாம் நாள் காலையில் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழை விடாததால் அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். குழிக்குள் ஊறிய தண்ணீரை இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது.

அப்பாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. ஏஜெண்டு ஆபீசில் போன் இருந்தது, சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். "சொன்னா மட்டும் பறந்தா வருவாவ? அங்கன கெடந்து தலைய முட்டிக்கிடவா? வந்து சாப்பிட்ட பெறவு நானே சொல்லுதேன்" என்று அம்மா சொன்னாள். தெரு முழுக்க அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்பதாம் நாள் தொம்மை மாமாவின் தோணி மாலேக்குக் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், கையில் கடுதாசி இல்லையென்றால் அப்பா அப்போதே கண்டுபிடித்துவிடுவார். "எப்பவும் போல எழுதுளா" என்று சொல்லிவிட்டு அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நோட்டில் எழுதாத தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழைக்குக் கடைகள் திறக்கவில்லை. மாதாவுக்குத் தோத்திரம் எழுதினேன். பிறகு பழகிய கை தானாகவே ஓடி, "இங்கு அம்மா, நான், தம்பி சூசை" என்று எழுதி நின்றது. அடுத்து வரவேண்டியவை இரண்டு சொற்கள்தான், அனைவரும் நலம். இரண்டு வருஷமாக எத்தனையோ முறை எழுதிய சொற்கள். அன்றைக்கு அவை வரவில்லை. பேனாவை வைத்தால் மை ஊறிப் புள்ளி விழுகிறது. அவன் பெயரை அடிக்கவும் கூடாது, வேறு தாளும் கிடையாது. கடைசியில் இப்படி எழுதினேன்: "மூவரும் நேற்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு நண்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்."

அது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது. மாணவர்களிடம் சொல்ல ஏதுவாக ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம், ஆனால் உண்மையாகவே தெரியாது. அந்த வரி வந்ததும் மற்றதெல்லாம் வந்து குவிந்தது. வெள்ளத்தில் ஒதுங்கிய நண்டு ஒன்றைச் சூசை பிடித்துத் தன் பள்ளிக்கூடத் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்தான். அம்மா பார்க்காத நேரத்தில் குசினியில் வாளியைத் திறந்து வைத்து அதற்குச் சோறு ஊட்டப் பார்த்தான். நண்டு இறங்கி ஓடிவிட்டது. இப்போது யாரும் காலைத் தரையில் வைப்பதில்லை, அம்மா பெட்டிமேல் நின்று சமைக்கிறாள், சூசை மட்டும் நடு வீட்டில் நின்றுகொண்டு ஒன்றும் செய்யாது, அது நம்ம பிள்ளை என்கிறான். தாளின் வெறுமையான முக்கால் பங்கும் நிரம்பி, ஓரத்தில் குறுக்காகவும் எழுதினேன். எந்த இடத்தில் என்று நினைவில்லை, எழுதிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டேன்.

அம்மா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். "செத்த வீட்டுல இருந்து சிரிக்கியா நீ? மூதேவி" என்றாள். அறை வாங்கியும் நான் அழவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. என் உடம்பில் ஒரு பாதி அந்த வீட்டிலும் மறுபாதி நண்டு ஓடுகிற வீட்டிலும் இருந்தது. நண்டு ஓடுகிற வீடுதான் எனக்குப் பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்ன எழுதினே, படி என்றாள். நான் தாளைப் பார்த்தபடி வழக்கமான நாலு வரியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பாவின் கையெழுத்தில் முழுப் பக்கம். இரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு எழுதியதே இல்லை. நண்டு கிடைத்ததா, பிள்ளையின் கையைக் கடித்துவிட்டதா, தோணியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், தண்டல் கூடச் சிரித்தார், தினமும் நண்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள், உடனே எழுதவும் என்று இருந்தது. தண்டல் என்பவர் தோணியின் தலைவர், லேசில் சிரிக்கிற ஆள் அல்ல. நான் அம்மாவுக்கு நாலு வரி மட்டும் படித்தேன். அம்மா தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று தெரியாமல் போகுமா. அதை மடித்துக்கொண்டு பிலோமி மாமி வீட்டுக்குப் போனாள். மாமி எட்டாவது வரை படித்தவள்.

அம்மா திரும்பி வந்தபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அடி விழும் என்று. அவள் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் உட்கார்ந்து சாளை உரசத் தொடங்கினாள். பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"நண்டு கெடச்சுதாளா?"

நான் அவளருகே போய் உட்கார்ந்து சொன்னேன். சாமி மேடையில் சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது, சூசைதான் முதலில் பார்த்தான், "சத்தம் போடாதிய, அது செபமால சொல்லிக்கிட்டிருக்கு" என்றான். அம்மாவின் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. "அதயும் எழுதிரு" என்றாள்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்தேதான் எழுதினோம். மொத்தம் ஐந்து கடுதாசிகள். நான் கதை சொல்வேன், அம்மா நடுநடுவே சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்ப்பாள். பள்ளிக்கூடத்தில் அவன் பாட்டுப் பாடினான் என்று நான் சொன்னால், "தலைக்கு எண்ண வச்சு சீவி விட்டேன்னு போடு" என்பாள். உப்புக் குவியலில் ஏறிச் சறுக்கினான் என்றால், "முட்டி எரியும்லா, தண்ணி ஊத்திக் கழுவுனேன்னு எழுது" என்பாள். ஐந்தாவது கடுதாசியில் அவளாகவே, "சட்டையெல்லாம் பத்தாமப் போச்சு, கிடுகிடுன்னு வளருதான்னு எழுதுளா" என்றாள். எழுதினேன். பதில்களில் அப்பா என்னைப் பாராட்டினார், என் பிள்ளை இவ்வளவு சூட்டிக்கையானவன் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று எழுதியிருந்தார். அந்த நாலு மாதமும் எங்கள் வீட்டில் சாவு நடந்த மாதிரியே இல்லை. பிலோமி மாமி எங்கள் வாசலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வதை மட்டும் கவனித்தேன்.

அந்தக் கடுதாசிகளைக் கொண்டுபோனது பெரும்பாலும் தொம்மை மாமாதான். சூசையின் பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். மாலேயில் அப்பா கடுதாசியைப் பிரித்து உரக்கப் படிக்கும்போது மாமாவும் கூடவே உட்கார்ந்திருப்பார். ஒன்றிரண்டு பேரைத் தவிரத் தோணியில் எல்லோருக்குமே உண்மை தெரிந்துவிட்டிருந்தது. பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகு, ஒரு நாள் அவர் என்னிடம் சொன்னார்: "ஒங்கப்பன் படிப்பான், நாங்க சிரிக்கணும்ளா. சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிருவாம்லா. அப்படி ஒரு பாடு எனக்குக் கடல்ல கூட வந்ததில்ல."

மாசி மாதத்தில், தவக்காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, அப்பா வந்து சேர்ந்தார். பட்டப்பகல். கையில் நீலச் சட்டை ஒன்று இருந்தது, காலர் வைத்தது, எட்டு வயதுப் பையனுக்குத் தைத்த அளவில். உள்ளே வந்ததும், "சின்னவன எங்க?" என்றார். "சாப்பிடுங்க மொதல்ல" என்றாள் அம்மா. கடலிலிருந்து வருபவருக்கு எப்போதும் சொல்வதுதான் அது. ஆனால் அன்றைக்கு வாசலில் தொம்மை மாமா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் பிலோமி மாமி நின்றாள். அப்பா இருவரையும் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அந்தத் தெருவில் பிறந்தவருக்கு, சோறு முடிந்தால் சேதி வரும் என்று தெரியாதா.

சாப்பிட்டார். தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அதுவும் முடிந்ததும் மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை அம்மா பானையை வழித்துப் போட்டாள். அதையும் உருண்டை உருண்டையாக வைத்துக்கொண்டு தின்றார், சூசை தின்பது போலவே. பிறகு கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். கை கழுவினால்தான் சொல்வார்கள். குழம்பு காய்ந்து விரல்கள் மஞ்சளாய் வெளிறிப்போகும் வரை அப்படியே இருந்துவிட்டு, "சின்னவனா?" என்று கேட்டார்.

"ஐப்பசியில. மூணு நா காச்சல்" என்றாள் அம்மா.

அப்பா அழவில்லை. எழுந்து போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்து, என் கடுதாசிகளை எடுத்துக்கொண்டு வந்து, கழுவாத அந்தக் கையாலேயே என் முன்னால் தரையில் பரப்பினார். ஏழு இருந்தன. "எதுவரைக்கும்ளா?" என்றார். எதுவரை அவன் உயிரோடு இருந்தான் என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நாலு வரிக் கடுதாசிகள் இரண்டை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தேன். எழுத்து நிரம்பிய ஐந்தும் மறுபக்கம் கிடந்தன. அவர் அந்த ஐந்தில் முதலாவதைத் தொட்டார்.

"அப்ப நண்டு?"

"அவனுக்கு நண்டுன்னா பயம்ப்பா" என்றேன்.

இந்தக் கையால் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன், இந்த வாயால் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். மகன் செத்துப்போனான் என்பதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அதற்குத்தான் சரிந்தார். வருஷத்தில் நாலைந்து மாதமே கரையில் இருந்த மனிதர் அவர், தன் பிள்ளைக்கு நண்டென்றால் பயம் என்பது தெரியாமல், அது இல்லாத ஒரு பிள்ளையை நாலு மாதம் கொஞ்சியிருக்கிறார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே தொம்மை, நீயும் சிரிச்சியேலே" என்றார். தொம்மை மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. அந்த வருஷம் ஐப்பசியில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனோம். குழிமேல் நின்று தம்பியின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். உப்புக் குவியலில் சறுக்குகிற பையன் வந்தான், நண்டுக்குச் சோறு ஊட்டுகிறவன் வந்தான், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு பாட்டுப் பாடுகிறவன் வந்தான். என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் வரவில்லை. அவனுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, எடுத்ததே இல்லை. நான் எழுதியவன் வந்து, இருந்தவனைத் தள்ளிவிட்டுவிட்டான். பன்னிரண்டு வயதில் எனக்கு அது கொலை மாதிரி இருந்தது, இப்போதும் அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

அப்பா அதற்கு முன்பே, புரட்டாசியில், வேறு ஊர் ஆட்கள் ஓட்டுகிற ஒரு தோணியில் ஏறிப் போயிருந்தார். கல்லறைத் திருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவருடைய கடுதாசி வந்தது. அதே மாசி மணம், அதே நாலு வரி. அடியில் தனியாக ஒரு வரி இருந்தது: "சூசை பற்றியும் எழுதவும்." அதைப் படித்தபோது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "எழுதிருளா. அவியளுக்கு அங்கன வேற என்ன இருக்கு" என்றாள்.

நான் எழுதவில்லை. எழுத வராமல் இல்லை. பேனாவை எடுத்ததும் அவன் வந்துவிட்டான், இந்த முறை பட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறையப் பேச்சோடு. எனக்குக் கோபம் வந்தது. வழக்கப்படியே எழுதினேன். மாதாவுக்குத் தோத்திரம். "இங்கு அம்மாவும் நானும் நலம்." ஒரு விதியும் மீறவில்லை, அடித்தல் ஒன்றும் இல்லை, ஒரு பெயர் மட்டும் இல்லை. அந்தப் பெயர் இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளில் முக்கால் பங்கு வெறுமையாகக் கிடந்தது. அதன்பிறகு அவர் கடலில் இருந்த ஏழு வருஷமும் அப்படித்தான் எழுதினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

விதியை விட்டுவிட்டால் எழுத்து வரும் என்று அந்தப் பேச்சாளர் சொன்னது பொய்யில்லை. வரும். ஆனால் எதைத் தின்றுவிட்டு வரும் என்று அவர் சொல்லவில்லை. நான் அதன்பின் கதை என்று ஒன்றை எழுத முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. இன்றும் ஒரு வரி நன்றாக வந்து விழுந்தால் முதலில் கன்னம்தான் எரிகிறது.

இப்போதெல்லாம் மாலேக்குப் போகிறவர்கள் கையில் போன் இருக்கிறது. இங்கே பிள்ளை தும்மினால் அங்கே அப்பனுக்குக் கேட்கிறது. கரைக்கு வரட்டும், சாப்பிடட்டும் என்று யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அது நல்லதுதான். தோணிகளும் குறைந்துவிட்டன, பாய்மரம் ஏறுகிற ஆட்களும் இல்லை. தொம்மை மாமா இல்லை, அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது. அப்பா போன ஆவணியில் இறந்தார். எங்கள் தெருவில் நண்டுக்குப் பயந்த ஒரு பயல் இருந்தான் என்பது தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மணம் போய்விட்டிருந்தது. குழம்புக் கறை படிந்த ஐந்து கடுதாசிகள் அதில் இல்லை, எங்கே போட்டாரோ தெரியாது. நான் கோபத்தோடு எழுதிய நாலு வரிக் கடுதாசிகள் இருந்தன, ஒன்று விடாமல். ஒவ்வொன்றிலும் நான் வெறுமையாக விட்ட இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அப்பாவின் கோணல் எழுத்துதான், ஆனால் என் எழுத்தைப் போலவே சாய்த்து எழுத முயன்றிருந்தார், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் சந்தேகம் வராதபடி. அடித்தல் ஒன்றுகூட இல்லை. எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்குவார்களே, அந்தப் புதுநன்மையைத் தம்பி சூசை வாங்கினான் என்று ஒன்றில் இருந்தது. தம்பி சூசைக்குக் குரல் உடைகிறது என்று கடைசியில் இருந்தது. அந்த வேறு ஊர்த் தோணி ஆட்களுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டியிருப்பார், அவர்கள் விஷயம் தெரியாமல் சிரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது முதல் கடுதாசி, அம்மாவும் நானும் நலம் என்று மட்டும் எழுதி நான் அனுப்பியது. அதன்கீழே இரண்டே வரி எழுதியிருந்தார்.

"தம்பி சூசைக்கு நண்டு என்றால் பயம். இப்போது பயம் கொஞ்சம் தெளிந்து வருகிறது."